கரஸ் டிகிரி, ஆன்லைன் டிகிரியோடு வெளிநாட்டு வேலை விசா: டெல்டா மாவட்டத்தாருக்கு ஒரு வழிகாட்டி

கும்பகோணத்தில் கடையில் கணக்கு எழுதிக்கொண்டே கரஸில் பி.காம். முடித்தவரும், திருவாரூரில் வீட்டிலிருந்தபடி ஆன்லைனில் பி.சி.ஏ. படிப்பவரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்த டிகிரி வெளிநாட்டு விசாவுக்குச் செல்லுமா?" ஏஜெண்ட் "தாராளமாச் செல்லும்" என்பார். சிங்கப்பூரில் இருக்கும் மாமா "ரெகுலர் இல்லைன்னா செல்லாது" என்பார். இரண்டும் பாதிதான் சரி.

அந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்தப் பட்டம் இந்தியாவில் செல்லுமா? போகிற நாட்டில் சான்றிதழைச் சரிபார்ப்பவர்கள் அதை ஏற்பார்களா? நீங்கள் பார்க்கப்போகும் வேலைக்கு அந்த நாட்டு விசா விதி பட்டம் கேட்கிறதா? பலருக்குக் காரியம் கெடுவது பட்டம் ஆன்லைனில் வாங்கியது என்பதால் இல்லை. சேர்ந்த வருடத்துக்கு அனுமதி இல்லாமல் போவது, இனிஷியல் ஒத்துப்போகாதது, பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வராதது, இப்படித்தான் கெடுகிறது. நகையை அடகு வைக்கும் முன் கீழே உள்ளவற்றை வரிசையாகப் பார்த்துவிடுங்கள். தொகைகள் பெரும்பாலும் 2025 நிலவரம். பணம் கட்டும் நாளில் அந்தந்த அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. வேலைக்கு டிகிரி கேட்கிறார்களா?

இங்கிருந்து தொடங்கினால் பாதிச் செலவு மிச்சமாகலாம். எந்தப் பதவியின் பெயரில் விசா அடிக்கப்போகிறார்கள் என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள்.

அமீரகத்தில் மனிதவள அமைச்சகம் வேலைகளைத் திறன் நிலைகளாகப் பிரித்திருக்கிறது. மேலாளர், கணக்காளர் போன்ற முதல் இரண்டு நிலைகளுக்கு இளநிலைப் பட்டம் வேண்டும். டெக்னீஷியன், கிளார்க் வரும் மூன்று, நான்காம் நிலைகளுக்கு டிப்ளமா. விற்பனை, சேவை வேலைகள் வரும் ஐந்தாம் நிலைக்குப் பிளஸ் டூ. டிரைவர், கொத்தனார் போன்றவை அதற்குக் கீழே வருகின்றன. அவற்றுக்குப் பட்டம் தேவையே இல்லை. டிரைவர் விசாவில் போகிறவரிடம் பி.ஏ. சான்றிதழுக்கு அட்டெஸ்டேஷன் (சான்றொப்பம்) என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அதேபோல, கணக்காளர் வேலை என்று சொல்லிவிட்டு விசாவில் கிளார்க் என்று போட்டால், பிறகு பதவியை மாற்றும்போது பட்டச் சான்றிதழ் கட்டாயம் கேட்பார்கள் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் கட்டடம், தொழிற்சாலை போன்ற வேலைகளுக்கான ஒர்க் பெர்மிட்டுக்குப் பட்டம் வேண்டாம். நடுத்தரத் திறன் வேலைக்கான எஸ் பாஸுக்குப் பட்டம், டிப்ளமா, தொழில்நுட்பச் சான்றிதழ் என எதையும் காட்டலாம். உயர்நிலை வேலைக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸில் படிப்புக்குப் புள்ளிகள் உண்டு. விவரம் ஏழாவது படியில்.

ஜெர்மனியில் ஐடி துறையில் மட்டும் 2023 நவம்பரிலிருந்து ஒரு வாசல் திறந்திருக்கிறது. கடந்த ஏழு ஆண்டுகளில் மூன்று ஆண்டு தகுதியான ஐடி அனுபவம் இருந்தால், பட்டமே இல்லாமலும் ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதியை எடுக்கலாம். உங்கள் ஆன்லைன் பி.சி.ஏ. செல்லுமா என்ற கவலையே இல்லாமல் அனுபவக் கடிதத்தை வைத்துப் போகிற வழி இது. பிரிட்டனின் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில், 2025 ஜூலை 22 முதல் பட்டப்படிப்பு நிலையிலுள்ள வேலைகளே பெரும்பாலும் சேர்க்கப்படுகின்றன. பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 41,700 பவுண்டு. அங்கேயும் விதி பார்ப்பது வேலையின் நிலையையும் சம்பளத்தையும்தான். உங்கள் படிப்பைப் பார்ப்பது வேலை கொடுப்பவர்.

2. நீங்கள் சேர்ந்த வருடத்துக்கு அனுமதி இருந்ததா?

இந்தியாவில் 2020 செப்டம்பர் 4-ஆம் தேதி வந்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறைகள்தான் இன்று அடிப்படை. அனுமதி பெற்ற நிறுவனத்தில் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ வாங்கிய பட்டம், நேரடியாகக் கல்லூரியில் படித்து வாங்கிய பட்டத்துக்குச் சமம் என்று அந்த விதிகளே சொல்கின்றன. ஆனால் "அனுமதி பெற்ற" என்ற இரண்டு சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. அனுமதி பல்கலைக்கழகத்துக்கு ஒரே தடவையாகக் கொடுத்துவிடுவது கிடையாது. கல்வியாண்டு, பருவம், பாடம், முறை ஆகிய நான்கும் சேர்ந்துதான் அனுமதி.

யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் ஆண்டுவாரியாகப் பட்டியல் இருக்கிறது. அதில் இப்படித் தேடுங்கள்:

முதலில் நீங்கள் அட்மிஷன் போட்ட கல்வியாண்டு. இந்த வருடப் பட்டியலில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருப்பதால் ஆறு வருடத்துக்கு முன் சேர்ந்தவருக்கு எந்தப் பயனும் இல்லை. பெரிய, பழைய, அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் எல்லா வருடமும் அனுமதி இருந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்து பருவம்: ஜூலையா, ஜனவரியா.

அடுத்து பாடம். பி.காம். பட்டியலில் இருக்கும், அதே பல்கலைக்கழகத்தின் வேறொரு பாடம் இருக்காது.

கடைசியாக முறை. தொலைநிலை வேறு, ஆன்லைன் வேறு. ஒன்றுக்கு வாங்கிய அனுமதி இன்னொன்றுக்கு ஆகாது.

பெயர் இருக்கும் பக்கத்தை அச்செடுத்து, கோப்பாகவும் சேமித்து வையுங்கள். தளத்தின் முகவரிகளும் பக்கங்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2013-க்கு முன் சேர்ந்தவர்கள் தேட வேண்டியது தொலைநிலைக் கல்விக் குழுவின் அனுமதியை. அந்தப் பொறுப்பு யுஜிசிக்கு வந்தது அந்த வருடம்தான்.

இனிமேல் சேரப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 முதல் டெப் ஐடி என்ற யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் எண்ணை மாணவரே உருவாக்கித்தான் சேர முடியும். "அதெல்லாம் நாங்களே பாத்துக்கிறோம்" என்று சொல்லும் ஸ்டடி சென்டரை விட்டு விலகுங்கள். பொறியியல், மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, சட்டம், வேளாண்மை, கட்டடக்கலை, ஓட்டல் மேனேஜ்மென்ட் ஆகியவற்றைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தவே அனுமதி இல்லை. 2025 ஜூலைப் பருவத்திலிருந்து உளவியல், மைக்ரோபயாலஜி, உணவு ஊட்டச்சத்து போன்ற பாடங்களும் இந்தத் தடைக்குள் வந்துவிட்டன. "கரஸில் பி.இ." என்று துண்டறிக்கை கொடுத்தால் அது வெறும் காகிதம்.

இங்கே மூன்று பொறிகள் இருக்கின்றன. "ஒரே வருஷத்துல டிகிரி" என்பது முதல் பொறி. மூன்றாண்டுப் படிப்பை ஒரே வருடத்தில் முடிக்க விதியில் இடமே இல்லை. பழைய தேதி போட்ட சான்றிதழைத்தான் உங்கள் கையில் கொடுப்பார்கள். இரண்டாவது, பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைத் திட்டத்தில் நேராகப் பட்டம் வாங்கியது. பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசை இல்லாவிட்டால் தமிழ்நாட்டு அரசு வேலைக்கே சிக்கல். வெளிநாட்டில் மதிப்பிடுபவர்களும் அடிப்படைக் கல்வியைக் கேட்பார்கள். மூன்றாவது, உள்நாட்டு எட்டெக் (இணையவழிக் கல்வி) கம்பெனி மூலம் கிடைக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழக ஆன்லைன் பட்டம். யுஜிசி அனுமதியில்லாத இத்தகைய கூட்டு ஏற்பாடுகளில் தரப்படும் பட்டங்கள் செல்லாது என்று 2023 டிசம்பரில் யுஜிசி எச்சரித்திருக்கிறது.

3. சான்றிதழைத் திருப்பிப் பாருங்கள்

பலர் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு "ரெகுலர் மாதிரிதான் இருக்கு" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். யுஜிசி விதிப்படி, படித்த முறை, சேர்ந்த தேதி, முடித்த தேதி, கற்றல் மையத்தின் முகவரி, தேர்வு மையத்தின் முகவரி ஆகியவை சான்றிதழிலும் மதிப்பெண் பட்டியலிலும் இருக்க வேண்டும். பெரும்பாலும் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கும். சரிபார்ப்பவர் அங்கேதான் முதலில் பார்ப்பார். ஆகவே விண்ணப்பத்தில் படித்த முறையைக் கேட்டால் உள்ளதையே எழுதுங்கள். தொலைநிலை என்று எழுதியதால் போகிற வாய்ப்பைவிட, ரெகுலர் என்று எழுதி மாட்டிக்கொண்டால் போகிற வாய்ப்பு பெரிது.

தேர்வு மையமும் முக்கியம். வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே அங்குள்ள ஏதோ ஒரு மையத்தில் தேர்வு எழுதியிருந்தால், அந்த மையத்துக்கு அனுமதி உண்டா என்ற கேள்வி வரும். படித்த வருடங்களில் நீங்கள் எந்த நாட்டில் இருந்தீர்கள் என்று பாஸ்போர்ட் முத்திரைகளை வைத்தும் கேட்கலாம்.

கையில் இருக்க வேண்டியவை: பட்டமளிப்புச் சான்றிதழ், எல்லாப் பருவத்து மதிப்பெண் பட்டியல்கள், கன்சாலிடேட்டட் மார்க் ஷீட், புரோவிஷனல், பத்து, பிளஸ் டூ சான்றிதழ்கள். கரஸில் படித்தவர்களில் நிறைய பேர் புரோவிஷனலோடு நின்றுவிடுகிறார்கள். கான்வகேஷன் கட்டணம் கட்டியிருக்க மாட்டார்கள். புரோவிஷனலை வைத்துத் தூதரக முத்திரை வாங்குவது கடினம். பட்டமளிப்புச் சான்றிதழ் வந்துசேர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், வேறு எதையும் தொடங்கும் முன் இதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

லேமினேஷன் செய்யாதீர்கள். ஊரில் சான்றிதழ் வந்த மறுநாளே கடைக்குக் கொண்டுபோய் லேமினேட் செய்கிற வழக்கம் இருக்கிறது. முத்திரையும் ஸ்டிக்கரும் அசலின் பின்பக்கத்தில் நேராக ஒட்டப்பட வேண்டும். லேமினேட் செய்த சான்றிதழைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏற்கெனவே செய்திருந்தால் வீட்டில் பிரிக்கப் பார்க்க வேண்டாம், தாளோடு எழுத்தும் வந்துவிடும். பிரிக்கத் தெரிந்த கடையில் கொடுங்கள், அல்லது நகல் சான்றிதழுக்குப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பியுங்கள்.

4. இனிஷியல்

தமிழ்நாட்டுக்காரர்களை மட்டும் தனியாக வாட்டுகிற சிக்கல் இது. சான்றிதழில் "செ. முருகானந்தம்", பாஸ்போர்ட்டில் "முருகானந்தம் செல்வராஜ்", ஆதாரில் "முருகானந்தம் செ". நமக்கு மூவரும் ஒரே ஆள். தஞ்சாவூரைப் பார்த்திராத சரிபார்ப்பவருக்கு மூன்று ஆட்கள். ஆங்கில எழுத்துகளில் ஒரு "எச்" கூடவோ குறையவோ இருந்தாலும் இதே கதைதான்.

வேலை தேடும் முன்பே பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், பாஸ்போர்ட் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வேறுபாடு இனிஷியல் விரிவு மட்டும் என்றால், மூன்று பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன்னிலையில் பிரமாணப் பத்திரம் எழுதி, அப்பா பெயர் உள்ள ஆவணத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். பெயரே வேறாக இருந்தால் பத்திரம் போதாது. அரசிதழில் பெயர் மாற்றம் அறிவித்து, பாஸ்போர்ட்டையோ சான்றிதழையோ திருத்த வேண்டும். பாஸ்போர்ட்டைச் சான்றிதழுக்கு ஏற்ப மாற்றுவதுதான் பொதுவாக எளிது. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய்.

பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று. 2022 நவம்பர் 21 முதல் அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை. பின்பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கிறார்கள். விசிட்டில் போய் வேலை தேடலாம் என்று நினைப்பவர்கள் திருச்சி விமான நிலையத்தில் நின்றுகொண்டு இதைத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

5. பல்கலைக்கழகத்திடம் வாங்க வேண்டிய தாள்கள்

மூன்று தாள்கள். ஒன்று, டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லாப் பருவ மதிப்பெண்களும் சேர்ந்த அதிகாரபூர்வ பட்டியல்: பல்கலைக்கழகத்தின் உறையில், ஒட்டிய இடத்தின் மேல் முத்திரை விழுந்திருக்க வேண்டும். மூன்று செட் வாங்குங்கள், ஒரு உறையைக்கூடப் பிரிக்காதீர்கள். இரண்டு, ஜெனியூனஸ் சர்ட்டிபிகேட், அதாவது சான்றிதழ் உண்மையானது என்று பல்கலைக்கழகம் தரும் கடிதம். மூன்று, பயிற்றுமொழிக் கடிதம். தமிழ் வழியில் படித்திருந்தால் அதில் அப்படியேதான் வரும். அதை ஆங்கிலத் தகுதிக்குக் காட்ட முடியாது. ஐஇஎல்டிஎஸ் போன்ற தேர்வுதான் வழி.

ஜெனியூனஸ் சர்ட்டிபிகேட்டில் இவை இருக்கும்படி விண்ணப்பத்திலேயே எழுதிக் கேளுங்கள்: பெயர், பதிவெண், சேர்ந்த மாதம், முடித்த மாதம், படித்த முறை, பயிற்றுமொழி, தேர்வு எழுதிய ஊர், அந்தக் கல்வியாண்டுக்கான யுஜிசி அனுமதிக் கடிதத்தின் எண். கையெழுத்து பதிவாளருடையதாகவோ தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருடையதாகவோ இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ மின்னஞ்சல் முகவரியும் தாளில் வேண்டும். ஸ்டடி சென்டர் லெட்டர்பேடில் வாங்கிய கடிதத்தை எந்த நாட்டிலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கட்டணம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். திருச்சி, தஞ்சாவூர், சிதம்பரம் என்றால் காலையில் பஸ் ஏறி மாலையில் திரும்பிவிடலாம். சென்னை, காரைக்குடி என்றால் ஒரு நாளாவது ஒதுக்க வேண்டும். நேரில் போனால் சலான், அடையாள அட்டை நகல், எல்லா மார்க் ஷீட்டின் நகல் இரண்டு செட் கையில் இருக்கட்டும். ஒரு செட்டில் ஒப்புகை முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அதிகம் பேர் தவறவிடுவது இதன் பிறகு நடப்பது. சரிபார்க்கும் நிறுவனம் உங்களிடம் தாளை வாங்கிக்கொள்வதோடு விடாது. பல்கலைக்கழகத்துக்கு நேராக மின்னஞ்சல் அனுப்பும். அந்த மின்னஞ்சல் ஏதோ ஒரு மேசையில் தூங்கிவிட்டால், குறிப்பிட்ட நாளுக்குப் பின் "சரிபார்க்க முடியவில்லை" என்று அறிக்கை போட்டுவிடுவார்கள். உங்கள் பட்டம் நூற்றுக்கு நூறு சரியாக இருந்தும் விசா நின்றுவிடும். எனவே சரிபார்ப்பு எண் வந்த அன்றே தேர்வுப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் பதில் போகவில்லை என்றால் அந்த எண்ணை அச்செடுத்துக்கொண்டு நேரில் போய் நில்லுங்கள்.

6. அப்போஸ்டிலா, தூதரக முத்திரையா?

அப்போஸ்டில் என்பது ஆவணம் உண்மையானது என்று நம் வெளியுறவு அமைச்சகம் ஒட்டும் சான்று. போகும் நாடு ஹேக் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருந்தால் அப்போஸ்டில் போதும். இல்லாவிட்டால் தூதரக முத்திரையும் வேண்டும். ஓமன், பஹ்ரைன், சிங்கப்பூர், 2022 டிசம்பர் முதல் சவூதி, 2024 ஜனவரி முதல் கனடா ஆகியவை ஒப்பந்தத்தில் உள்ளன. அமீரகம், கத்தார், குவைத் மூன்றும் இல்லை. ஜெர்மனி ஒப்பந்தத்தில் இருந்தாலும் இந்தியா சேர்ந்ததை ஆட்சேபித்திருப்பதால், இந்திய அப்போஸ்டில் அங்கே செல்லாது. ஜெர்மனிக்கு என்று சொல்லி அப்போஸ்டிலுக்குப் பணம் வாங்குபவரிடம் இதைக் கேளுங்கள்.

வரிசை இது: மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகம், பிறகு தேவைப்பட்டால் தூதரகம், அமீரகம் என்றால் அங்கே போன பின் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம். நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய்தான். சாதாரணச் சான்றொப்பத்துக்குக் கட்டணமே இல்லை. சென்னையில் அமைச்சகத்தின் கிளை இருந்தாலும் அசல் தாள்களை நேரில் வாங்குவதில்லை. அங்கீகரித்த சேவை நிறுவனங்கள் சிறு சேவைக் கட்டணத்துக்கு வாங்கி அனுப்புகின்றன. இ-சனத் என்ற அரசுத் தளத்தில் இணையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். உங்கள் பல்கலைக்கழகம் அதில் இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அமீரகத்தில் அமைச்சக முத்திரைக்கு ஒரு ஆவணத்துக்கு 150 திர்ஹாம்.

50 ரூபாய் வேலைக்கு ஆயிரக்கணக்கில் கேட்டால், ரசீதில் ஒவ்வொரு கட்டணத்தையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். தூதரகக் கட்டணம் உண்மையிலேயே பெரியது; அதற்கு ரசீது தருவார்கள். அசலைக் கொடுக்கும் முன் இரு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள்.

7. நாடுவாரியாக

சிங்கப்பூர். எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025 முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), நிதித்துறையில் 6,200. வயது ஏற ஏற இதுவும் ஏறும். அதோடு காம்பஸ் என்ற புள்ளி முறையில் 40 புள்ளிகள் வேண்டும். படிப்புக்கு 0, 10, 20 என்று புள்ளி. பட்டம் ஏற்கப்பட்டால் 10, அவர்களுடைய முன்னணிப் பட்டியலில் உள்ள கல்வி நிறுவனம் என்றால் 20. புள்ளி கேட்டால் பட்டத்தைச் சரிபார்த்த அறிக்கை கட்டாயம். நம்மூர்க்காரர்கள் கவனிக்காத விஷயம், சம்பளம், கம்பெனியின் நாட்டினர் கலவை, உள்ளூர்க்காரர்களுக்குத் தரும் வேலை ஆகியவற்றில் 40 எட்டிவிட்டால் படிப்புப் புள்ளியே கேட்காமல் விண்ணப்பிக்கலாம் என்பது. சந்தேகத்துக்குரிய வருடத்தில் வாங்கிய பட்டத்தைத் திணிப்பதைவிட இதுவே பத்திரம். எஸ் பாஸ் குறைந்தபட்சச் சம்பளம் 2025 செப்டம்பர் முதல் 3,300 வெள்ளி. பொய்ச் சான்றிதழ் காட்டினால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, பிறகு அங்கே வேலையே பார்க்க முடியாது.

சவூதி. இந்தியர்களின் கல்வி, தொழில் தகுதியை விசாவுக்கு முன்பே சரிபார்ப்பது 2025 ஜனவரி 14 முதல் கட்டாயம். ஐந்தாவது படியில் சொன்ன மின்னஞ்சல் தூங்கும் ஆபத்து இங்கேதான் அதிகம்.

ஜெர்மனி. அனாபின் என்ற தரவுத்தளத்தில் முதலில் பல்கலைக்கழகத்தைத் தேடுங்கள். "எச் பிளஸ்" என்றிருந்தால் நல்லது. "எச் பிளஸ் மைனஸ்" என்றால் தனியாக மதிப்பீடு வேண்டும். பிறகு பட்டத்தைத் தேடுங்கள். பல்கலைக்கழகம், பட்டம் இரண்டும் பொருந்த வேண்டும், இரண்டு பக்கத்தையும் அச்செடுக்க வேண்டும். பட்டம் கிடைக்கவில்லை என்றால் இசட்ஏபி என்ற அலுவலகத்தில் ஒப்பீட்டு அறிக்கைக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் 208 யூரோ, சில மாதம் ஆகலாம். ப்ளூ கார்டுக்கு 2025-இல் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 48,300 யூரோவாகவும், ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கு 43,759.80 யூரோவாகவும் இருந்தது.

கனடா. கம்பெனி எல்எம்ஐஏ (வெளிநாட்டவரை எடுக்க அரசு தரும் ஒப்புதல்) வாங்கித் தரும் ஒர்க் பெர்மிட்டுக்குக் கல்வி மதிப்பீடு கட்டாயமில்லை. எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாக நிரந்தரக் குடியிருப்பு என்றால் டபிள்யூஇஎஸ் போன்ற கல்வி மதிப்பீட்டு அமைப்பின் அறிக்கை வேண்டும். அது ஐந்தாண்டு செல்லும். டிரான்ஸ்கிரிப்ட் பல்கலைக்கழகத்திலிருந்து நேராகப் போக வேண்டும்.

அமெரிக்கா. எச்-1பி விசாவுக்கு நம் மூன்றாண்டு பி.எஸ்சி., பி.காம். மட்டும் பெரும்பாலும் போதாது, ரெகுலராகப் படித்திருந்தாலும் இதே நிலைதான். அங்கே இளநிலை நான்காண்டு. குறையும் ஒரு கல்வியாண்டுக்கு மூன்று ஆண்டு அனுபவம் என்று கணக்கிட்டுச் சமன் செய்ய விதி உண்டு.

8. ஏஜெண்டுக்கு எவ்வளவு?

இந்தியாவில் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய உச்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும், ஆக 35,400 ரூபாய். முகவரின் பதிவெண்ணை இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். கூத்தாநல்லூரிலும் முத்துப்பேட்டையிலும் வீட்டு வாசலில் வந்து பேசும் சப்-ஏஜெண்டுக்குப் பதிவு இருக்காது. பணத்தை அவர் கையில் கொடுக்காமல், பதிவு பெற்ற நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் போடுங்கள். சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. அங்கே பதிவு செய்துவைப்பது நல்லது.

பாஸ்போர்ட்டில் இசிஆர் (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி தேவை) என்று இருந்தால், பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் காட்டி அதை நீக்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பட்டம் தேவையில்லை.

9. நாள்கணக்கு

பட்டமளிப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பல்கலைக்கழகத் தாள்களுக்கு ஒன்றிலிருந்து இரண்டு மாதம், மாநிலம், மத்திய அமைச்சகம், தூதரகம் மூன்றுக்கும் சேர்த்து ஒரு மாதம், வெளிநாட்டுச் சரிபார்ப்புக்கு ஒன்றரை மாதம் ஒதுக்குங்கள். பல்கலைக்கழகத் தேர்வு முடிவு வரும் மாதங்களில் தேர்வுப் பிரிவு வேறு எதையும் கவனிக்காது. அந்த மாதங்களைத் தவிர்த்தால் வேலை சீக்கிரம் நடக்கும். ஆஃபர் வந்த பிறகு தொடங்கினால் கம்பெனி காத்திருக்காது. பல்கலைக்கழகத் தாள்களை மட்டும் ஆஃபருக்கு முன்பே வாங்கி வையுங்கள். தூதரக முத்திரையை நாடு உறுதியான பிறகு போடுங்கள்.

காவல்துறை நன்னடத்தைச் சான்றை, அதாவது பிசிசியை, கடைசியில் எடுங்கள். கட்டணம் 500 ரூபாய், பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பிக்கலாம். பல நாடுகள் சில மாதத்துக்கு முன் எடுத்ததைத்தான் ஏற்கும் என்பதால், முன்கூட்டியே எடுத்தால் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

10. நிராகரித்துவிட்டால்

காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். "ஏற்கவில்லை" என்பதும் "சரிபார்க்க முடியவில்லை" என்பதும் வேறு வேறு. இரண்டாவது என்றால், பல்கலைக்கழகத்தின் பதிலை வாங்கிக்கொண்டு அதே எண்ணில் மறுபடி திறக்கச் சொல்லலாம். முதலாவது என்றால், சேர்ந்த வருடத்துக்கு அனுமதி இல்லை என்பது காரணமா என்று பாருங்கள். அப்படியானால் அந்தப் பட்டத்தை இன்னொரு நாட்டில் முயல்வதும் வீண். பட்டம் கேட்காத பதவியில், அனுபவத்தை வைத்துப் போகும் வழியைத் தேடுங்கள். தேவையென்றால் அனுமதியுள்ள இடத்தில் புதிதாகச் சேருங்கள்.

அடுத்த விண்ணப்பத்தில் "இதற்கு முன் நிராகரிக்கப்பட்டதா" என்ற கேள்விக்கு ஆம் என்றே எழுதி, நிராகரித்த கடிதத்தின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.